வலையும் வில்லையும்: இந்தியத் தட்டான் ஆய்வில் ஒளிப்படம் பெற்ற இடம்

1798ஆம் ஆண்டு டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலறிஞர் யோகான் கிறிஸ்டியன் ஃபப்ரிசியஸ் ஒரு தட்டானுக்கு ‘லிபெலுலா ஃபிளாவெசென்ஸ்’ எனப் பெயரிட்டார். மழைக்காலத்தில் மைதானங்களுக்கும் வயல்களுக்கும் மேலே கூட்டங்கூட்டமாகப் பறக்கும் தட்டான் அது. அண்டார்க்டிகா நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் வாழும் அவ்வினம் இன்று ‘பந்தாலா ஃபிளாவெசென்ஸ்’ எனப்படுகிறது. அதன் முதல் விளக்கம் இலத்தீனில் எழுதப்பட்ட சில வரிகளே. வாழிடமாக அதில் குறிக்கப்பட்டிருப்பது இந்தியா. எந்த ஊர், எந்தக் குளம், எந்த மாதம் என்பதெல்லாம் அன்று கேட்கப்படாத கேள்விகள். பெயரின் பின்பாதிக்கு ‘மஞ்சள் சாயல் கொண்டது’ என்று பொருள். உயிரோடு பறக்கும் முதிர்ந்த ஆணின் முதுகில் ஏறும் செம்பொன் நிறம் அப்பெயரில் இல்லை. டேனிய ஆளுகையிலிருந்த தரங்கம்பாடியிலிருந்து டால்டார்ஃப் போன்ற சேகரிப்பாளர்கள் அனுப்பிய பூச்சிகள் பல மாதக் கடற்பயணத்துக்குப் பின்னரே ஐரோப்பிய மேசைகளை அடைந்தன. அங்கே போய்ச் சேர்ந்தது உருவம். நிறம் வழியிலேயே கழிந்துவிட்டிருந்தது.

நிறம், இடம் ஆகிய இந்த இரண்டு இழப்புகளையும் சுற்றியே இந்தியாவில் தட்டான் ஆய்வும் பூச்சிகளின் அண்மை ஒளிப்படக்கலையும் ஒன்றையொன்று சந்தித்த வரலாறு அமைகிறது. வலையை வீழ்த்திக் கேமரா வென்றது என்று அவ்வரலாற்றைச் சொல்வது இன்றைய வழக்கம். ஆவணங்கள் அப்படிச் சொல்லவில்லை.

வண்ணத்துப்பூச்சியின் நிறம் பெரும்பாலும் சிறகின் செதில்களில் தங்கியிருப்பதால், ஊசி குத்திப் பெட்டியில் வைத்தாலும் நூறாண்டு நிற்கும். தட்டானின் நிலைமை வேறு. அதன் கண்ணிலும் வயிற்றிலும் உள்ள நிறமிகள் மெல்லிய மேல்தோலுக்கு அடியில், உயிருள்ள திசுக்களில் இருக்கின்றன. பூச்சி இறந்ததும் குடல் அழுகத் தொடங்குகிறது. நீலமும் பச்சையும் சில மணி நேரத்தில் பழுப்பாகின்றன. மரகதம் போன்ற கண்கள் மங்கிக் கறுக்கின்றன. மஞ்சளாக இருக்கும் இளம் ஆண் தட்டான்கள் முதிர்ந்து சிவப்பாவதற்கு நிறமி மூலக்கூறுகளின் ஆக்சிஜனேற்ற ஒடுக்க நிலை மாறுவதே காரணம் என்று ஃபுத்தாஹாஷியும் அவருடைய குழுவினரும் 2012இல் ஜப்பானியச் செந்தட்டான்களை ஆராய்ந்து காட்டினர். அதாவது அந்தச் சிவப்பு, உயிருள்ள உடலின் வேதிநிலை. பிற்காலத்தில் அசிட்டோனில் ஊறவைத்து நிறத்தை ஓரளவு காக்கும் முறை வந்தது, அதுவும் ஓரளவே.

இப்பின்னணியில்தான் ஃபிரெடெரிக் சார்ல்ஸ் ஃபிரேசரின் பணியை மதிப்பிட வேண்டும். 1880இல் பிறந்து 1963இல் மறைந்த ஃபிரேசர், இந்திய மருத்துவப் பணியில் அறுவை மருத்துவராக இருந்தவர். லெப்டினன்ட் கர்னல் நிலைக்கு உயர்ந்தவர். நீலகிரி, குடகு, மலபார், திருவிதாங்கூர் மலைகள் என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் தட்டான்களைத் தேடினார். 1918 முதல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் ‘இந்தியத் தட்டான்கள்’ என்ற தொடரை எழுதினார். ‘பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினங்கள்’ வரிசையில் தட்டான்களுக்கான அவருடைய 3 தொகுதிகள் 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. இந்தியத் தட்டான்களைப் பற்றி எழுதும் எவரும் இன்றும் முதலில் புரட்டுவது அவற்றைத்தான்.

அத்தொகுதிகளின் விளக்கங்கள் நிறத்தை விரிவாகவே பேசுகின்றன. ஃபிரேசர் தாமே ஓடைக்கரையில் நின்று பிடித்தவர் என்பதால், நிறம் மங்குமுன் அதைச் சொற்களில் பதிய முடிந்தது. இந்த அனுகூலம் ஃபப்ரிசியஸுக்குக் கிடைக்காதது. எனினும் சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு. ‘நீலம்’ என்று அச்சில் ஏறிய சொல் வானின் நீலமா, மயிற்கழுத்தின் நீலமா, சாம்பல் பூத்த நீலமா என்பதை 80 ஆண்டுகளுக்குப் பின் கொல்கத்தாவிலோ நாகபுரியிலோ அமர்ந்து படிக்கும் மாணவர் எப்படி அறிவார்? மாதிரியை எடுத்துப் பார்க்கலாம் என்றால், ஃபிரேசரின் சேகரிப்பின் முதன்மைப் பகுதி இருப்பது இலண்டனில். அங்கே சென்று பார்த்தாலும் பெட்டிக்குள் இருப்பது பழுப்பேறிய உடல்.

கேமரா அந்நாளில் இல்லாமலில்லை. ஃபிரேசரின் மூன்றாம் தொகுதி வெளிவந்த அதே காலகட்டத்தில், கல்கத்தாவின் போஸ் ஆய்வு நிறுவனத்தில் கோபால்சந்திர பட்டாச்சார்யா (1895–1981) எறும்புகளையும் சிலந்திகளையும் தலைப்பிரட்டைகளையும் படமெடுத்துக்கொண்டிருந்தார். கிழக்கு வங்காளத்துச் சிற்றூர் ஒன்றில் வறுமையில் வளர்ந்து, கல்லூரிப் படிப்பை முடிக்க இயலாமல் பள்ளியாசிரியராக இருந்தவர் அவர். ஒளிரும் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய வங்காளிக் கட்டுரை ஜகதீஷ் சந்திர போஸின் கவனத்தை ஈர்த்தது. 1921இல் நிறுவனத்தில் சேர்ந்தார். அவருக்கு ஒளிப்படம் தேவைப்பட்டது பெயரிடுவதற்காக அன்று. மீனைப் பிடிக்கும் சிலந்தியோ கூடு கட்டும் எறும்போ செய்யும் செயலை ஊசியில் குத்தி வைக்க முடியாது. வகைப்பாட்டியலார் பூச்சியின் உடலைச் சான்றாகக் கொண்டபோது, கோபால்சந்திரர் அதன் நடத்தையைச் சான்றாக்க முயன்றார். அவருடைய ‘பாங்ளார் கீட்பதங்க’ 1975இல் ரவீந்திர புரஸ்கார் பெற்றது. இந்திய அறிவியல் வரலாற்று நூல்கள் இந்த மனிதருக்கு ஒதுக்கியிருக்கும் இடம் மிகக் குறைவு. பட்டம் பெறாதவர், தாய்மொழியில் எழுதியவர் என்பவற்றுக்கு அதில் பங்கில்லை என்று சொல்வது கடினம்.

அவருடைய வழி ஏன் பெருகவில்லை என்பதற்குக் கருவியிலேயே விடை உண்டு. பூச்சியை அதன் உண்மை அளவிலேயே படச்சுருளில் பதிய வேண்டுமானால் வில்லையைப் படத்தளத்திலிருந்து வெகுவாக விலக்க வேண்டும். விலக்க விலக்க வெளிச்சம் குறையும். துளையைச் சுருக்கினால் இன்னும் குறையும். சுருக்காவிட்டாலோ குவிய ஆழம் மயிரிழையாகிவிடும். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் உண்மை அளவில், எஃப் 11 துளையில் எடுக்கும் படத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். தட்டானின் தலை மட்டுமே அதைப் போலப் பல மடங்கு அகலம் உடையது. ஒரு சுருளுக்கு 36 படங்கள். கழுவி வரும்வரை எது தேறியது என்று தெரியாது. வண்ணச் சுருளின் விலை ஆய்வு மாணவரின் உதவித்தொகையோடு ஒப்பிடத்தக்கதாக இருக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்தியக் காட்டுயிர் ஒளிப்படக்கலை யானை, புலி, பறவை ஆகியவற்றைச் சுற்றியே வளர்ந்ததற்கு அழகியல் மட்டும் காரணமன்று.

இந்தக் குவிய ஆழத்தின் வறுமை, எதிர்பாராத ஒரு விளைவையும் தந்தது. தட்டானின் உடல் முழுவதும் தெளிவாக வர வேண்டுமென்றால் கேமராவின் முகம் அதன் பக்கவாட்டுக்கோ முதுகுக்கோ சரியிணையாக இருக்க வேண்டும். இனங்காண்பதற்கு வகைப்பாட்டியலார் கேட்கும் கோணங்களும் ஏறத்தாழ அவையே: மார்பின் பக்கவாட்டுக் கோடுகள், சிறகின் நரம்பமைப்பு, ஆணின் வால்நுனியில் உள்ள பற்றுறுப்புகளை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் காட்டும் தோற்றம். இயற்பியல் விதித்த கட்டுப்பாடும் அறிவியலின் தேவையும் ஒரே கோணத்தில் வந்து நின்றன. முகத்துக்கு நேரே நின்று, ஆயிரக்கணக்கான சிறுகண்கள் மின்ன, பின்னணி முழுவதும் பச்சை மூட்டமாகக் கரைய எடுக்கப்படும் பரிசுப் படங்கள் பெரும்பாலும் இனங்காண உதவாமல் போவதும் இதே காரணத்தால்தான்.

2000க்குப் பின் எண்மக் கேமரா மலிந்தது. பழைய 50 மில்லிமீட்டர் வில்லையைச் சில நூறு ரூபாய் வளையம் ஒன்றால் தலைகீழாகப் பொருத்தினாலே உண்மை அளவை நெருங்கலாம் என்று மாணவர்கள் கண்டுகொண்டனர். ஃபிளாஷின் முன்னே வெள்ளைத் தாளோ பால் நிற நெகிழித் துண்டோ ஒட்டி ஒளியைப் பரப்பினர். ஆனால் படம் எடுத்தபின் அது எந்த இனம் என்று அறிய ஃபிரேசரின் அரிய தொகுதிகளைத் தவிர எளிய வழியில்லை. அந்த இடைவெளியை நிரப்பியது 2005இல் கே. ஏ. சுப்பிரமணியன் எழுதி, இந்திய அறிவியல் கழகமும் இந்திய அறிவியல் அகாதெமியும் சார்ந்த புராஜெக்ட் லைஃப்ஸ்கேப் வழியாக மின்னூலாக வந்த தீபகற்ப இந்தியத் தட்டான்கள் கையேடு. யாரும் பதிவிறக்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடே அதன் பெரும் கொடை. 2009இல் விக்யான் பிரசார் வெளியிட்ட அவருடைய இந்தியா முழுமைக்குமான கையேடு அடுத்த படி. வண்ண ஒளிப்படத்தையும் ஃபிரேசர் வழிவந்த இனங்காண் குறிப்பையும் ஒரே பக்கத்தில் காட்டிய இந்நூல்களே, கேமரா வைத்திருந்த பொறியாளரையும் வங்கி ஊழியரையும் பள்ளியாசிரியரையும் தட்டான்களிடம் அழைத்து வந்தன.

சட்டத்துக்கும் இதில் பங்குண்டு. பாதுகாக்கப்பட்ட காட்டில் பூச்சி பிடிக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். நிறுவனச் சார்பு இல்லாதவருக்கு அது எளிதில் கிட்டுவதில்லை. வலையோடு நுழைய முடியாத இடத்துக்குக் கேமராவோடு நுழையலாம். அதே சமயம் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, புதிய உயிரினத்தைக் கண்டறிபவர் அதன் சான்று மாதிரியை உரிய களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. ஆர்வலரின் கையில் கேமராவைத் தந்த அமைப்பே, அவருடைய படத்தைக் கண்டுபிடிப்பின் வாசலில் நிறுத்திவிடுகிறது. இம்முரணை வெறும் அதிகாரத்துவக் குளறுபடி என்று தள்ளிவிட முடியாது. சான்று எது என்ற கேள்விக்கு அறிவியலே இன்னும் ஒருமித்த விடை சொல்லவில்லை.

புரோட்டோஸ்டிக்டா என்னும் ஊசித்தட்டான் பேரினம் இக்கேள்விக்கு நல்ல சோதனைக்களம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடர்நிழல் ஓடைகளில், நூல் போன்ற உடலோடு, வெளிச்சமே விழாத பாறையிடுக்குகளில் தொங்குபவை இவை. சற்றுத் தள்ளி நின்றால் கண்ணுக்கு எல்லாம் ஒன்றே. ஃபிரேசர் இப்பேரினத்தில் 1922இலும் 1931இலும் சில இனங்களுக்குப் பெயரிட்டார். அதன்பின் நெடிய மௌனம். இடையே 1958இல் கிம்மின்ஸ் பெயரிட்ட ஒன்று. 2015இல் கேரளத்தின் பொன்முடியிலிருந்து ‘புரோட்டோஸ்டிக்டா பொன்முடியென்சிஸ்’ விவரிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பத்தாண்டுகளுக்குள் இம்மலைத்தொடரிலிருந்து மட்டும் அரை டஜனுக்கும் மேற்பட்ட புதிய இனங்கள் வந்துவிட்டன.

இவற்றின் பெயர்களே ஒரு வரலாற்றுச் சான்று. ஃபிரேசர் 1922இல் ‘சாங்குவினோஸ்டிக்மா’ என்று பெயரிட்டது சிறகுநுனியில் உள்ள குருதிநிறப் புள்ளியைக் கருதி. காய்ந்த மாதிரியிலும் சிறகுப்புள்ளியின் நிறம் பெரிதும் தங்கும். 2020இல் வந்த ‘சயனோஃபெமோரா’ என்பதற்கு நீலத்தொடை என்று பொருள். 2022இல் வந்த ‘செக்ஸ்கலராட்டா’ ஆறு நிறங்களைச் சுட்டுகிறது. இறந்தபின் நிலைக்காத நிறங்கள் இனத்தின் பெயராக ஏறத் தொடங்கிவிட்டன. இலண்டன் பெட்டிகளைப் பார்த்து வேலை செய்த ஒருவர் இப்பெயர்களை வைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. உயிரோடிருக்கும் பூச்சியின் முன்மார்பையும் காலையும் ஃபிளாஷ் வெளிச்சத்தில் பெரிதாக்கிக் கண்ட தலைமுறையின் கைவரிசை அது. ஆயினும் இவ்வினங்கள் ஒவ்வொன்றும் நிறுவப்பட்டது பிடித்து ஆராயப்பட்ட மாதிரியைக் கொண்டே. பற்றுறுப்பின் உட்பக்க வளைவு எப்படி, ஆணின் இரண்டாம் நிலைப் பிறப்புறுப்பின் அமைப்பு என்ன என்பவற்றைக் களப்படத்தில் மட்டும் காண முடியாது. படம் ஐயத்தை எழுப்பியது, உடல் தீர்ப்பளித்தது.

உடலே இல்லாமல் தீர்ப்பளித்த முன்னுதாரணங்களும் இந்தியாவில் உண்டு, ஆனால் பூச்சியில் அல்ல. 2005இல் அருணாசலப் பிரதேசத்தின் மக்காக்கா முன்சாலா குரங்கு, உயிரோடிருந்த ஆண் ஒன்றின் ஒளிப்படத்தை மூலவகையாகக் கொண்டு விவரிக்கப்பட்டது. 2006இல் அதே மாநிலத்தில் புகுன் லியோசிக்லா என்னும் பறவையை ராமணா ஆத்ரேயா வலையில் பிடித்து, அளந்து, படமெடுத்து, உதிர்ந்த சில சிறகுகளை மட்டும் எடுத்துக்கொண்டு பறக்கவிட்டார். அன்று கண்ணில் பட்டிருந்தவை ஒரு கைக்குள் எண்ணத்தக்க இணைகளே என்பதால் கொல்ல அவர் மனம் ஒப்பவில்லை. பூச்சியியலில் இதே துணிவு 2015இல் தென்னாப்பிரிக்க ஈ ஒன்றில் காட்டப்பட்டது: மார்லேயிமியா சைலோகோப்பே, படங்களை மட்டும் கொண்டு பெயரிடப்பட்டது. மறு ஆண்டே, ஒளிப்படத்தைச் சார்ந்த வகைப்பாடு போதாதது, தேவையற்றது, தீங்கு தரக்கூடியது என்று ஏறத்தாழ 500 ஆய்வாளர்கள் கையொப்பமிட்ட எதிர்ப்பு வெளியாயிற்று. குரங்குக்கும் பறவைக்கும் கிடைத்த சலுகை ஈக்கு மறுக்கப்பட்டதில் நியாயம் இருக்கிறது. குரங்கின் அடையாளம் வெளித்தோற்றத்தில் பெரிதும் தெரிந்துவிடும். பூச்சியின் அடையாளம் பல வேளைகளில் நுண்ணோக்கியின் அடியில்தான் திறக்கிறது. ஆனால் கொல்லத் தயங்கும் மனம் பறவையோடு ஏன் நின்றுவிட வேண்டும் என்ற கேள்விக்கு அந்த 500 கையொப்பங்களும் விடை சொல்லவில்லை.

புதிய இனம் என்பது அரிய நிகழ்வு. ஒளிப்படம் உண்மையில் மாற்றியது பரவலைப் பற்றிய அறிவை. ஃபப்ரிசியஸின் ‘இந்தியா’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக, நாளும் நேரமும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கொண்ட ஆயிரக்கணக்கான புள்ளிகள் இன்று வரைபடத்தில் விழுகின்றன. பெங்களூருவின் தேசிய உயிரியல் மையத்தைச் சார்ந்து இயங்கும் ‘ஒடோனேட்டா ஆஃப் இந்தியா’ தளம் இடமும் நாளும் இல்லாத படத்தை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், பதிவாக ஏற்பதில்லை. டிராகன்ஃபிளை சவுத் ஏசியா என்னும் முகநூல் குழு வேறொரு பணியைச் செய்தது. நாட்டின் எந்த மூலையிலும் எடுத்த படத்தைச் சில மணி நேரத்தில் ஒரு வல்லுநரின் பார்வைக்குக் கொண்டுபோனது. கோபால்சந்திரருக்குக் கிடைக்காத சபை இது. ஆனால் சமூக ஊடகத்தில் ஏற்றும்போதே படக்கோப்பின் உள்தரவுகள் கழன்றுவிடுகின்றன. பத்தாண்டுகளுக்கு முந்தைய படமும் அதன் கீழே நடந்த இனங்காண் விவாதமும் தேடலுக்கு அகப்படாமல் புதைகின்றன. கணக்கு மூடப்பட்டால் சான்றும் போயிற்று. ஃபிரேசரின் பழுப்பேறிய பெட்டிகள் 90 ஆண்டுகளாக இருக்கின்றன. 2012இல் எடுக்கப்பட்ட எத்தனையோ அருமையான படங்கள் இருந்த வன்தட்டுகள் இன்று இயங்குவதில்லை.

படம் பொய் சொல்லவும் கூடும். தட்டானைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மயக்கி, வேறொரு பூவில் அமர்த்தி, நீரைத் தெளித்துப் பனித்துளியாகக் காட்டும் பழக்கம் உண்டு. இதைப் பூச்சிக்கு இழைக்கும் கொடுமை என்று மட்டுமே கண்டிப்பது போதாது. அந்தச் செடியில் அந்த இனம் அமராது என்னும்போது, படத்தில் உள்ள வாழிடம் புனைவு. அது தரவுத்தளத்துக்குள் நுழைந்தால் பிழை பெருகும். விடியலில் உண்மையாகவே பனி போர்த்து, உடல் சூடேறும்வரை அசையாமல் இருக்கும் தட்டானைத் தேடிச் செல்ல நான்கு மணிக்கு எழுந்தால் போதும்.

இதைவிட ஆழமான குறை ஒன்று படக்காரரின் நேர்மையோடு தொடர்பற்றது. கேமரா தேடுவது பறக்கும் தட்டானை, அதிலும் நிறம் ஏறிய ஆணை, அதிலும் வெயிலில் அமர்வதை. அந்தியில் மட்டும் பறக்கும் இனங்களும் மங்கலான பெண்களும் பதிவுகளில் மெலிந்து காணப்படுகின்றன. எல்லாவற்றையும்விட மெலிந்திருப்பது லார்வாப் பருவம். தட்டானின் வாழ்நாளில் பெரும்பகுதி நீருக்கடியில் கழிகிறது. சிறகு முளைத்த பருவம் பெரும்பாலான இனங்களில் சில வாரங்களே.

இந்தியத் தட்டான் வரலாற்றின் மிக வியப்பான கண்டுபிடிப்பு நீருக்கடியிலிருந்துதான் வந்தது. 1918இல் ஸ்டான்லி கெம்ப், டார்ஜிலிங் மலையில் சோனாதாவுக்கு அருகே ஓர் ஓடையில் ஒரு லார்வாவைச் சேகரித்தார். 1921இல் டில்யார்ட் அதை ஆராய்ந்து, ஜப்பானில் மட்டும் எஞ்சியிருப்பதாகக் கருதப்பட்ட தொன்மையான குலத்தின் உறவினம் அது என்று அறிவித்தார். எபியோஃபிளெபியா லெய்ட்லாவி என்ற அந்த இனத்தின் சிறகு முளைத்த தட்டான் அறிவியலுக்குக் கிட்ட மேலும் 40 ஆண்டுகள் ஆயின, அதுவும் நேபாளத்தில். கேமராக்கள் மட்டும் அம்மலைக்குச் சென்றிருந்தால் அந்த ஓடையைத் தாண்டிப் போயிருக்கும். வலைகூட அன்று, ஓடைக் கல்லைப் புரட்டிய கைதான் அதைக் கண்டது.

இந்தியாவில் ஏறத்தாழ 500 தட்டான் இனங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றின் லார்வா இன்னும் முறையாக விவரிக்கப்படவில்லை. லார்வாவை இன்னது என்று உறுதியாகச் சொல்ல நம்பகமான பழைய வழி, அதைத் தொட்டியில் வளர்த்து, சிறகோடு வெளிவருவதைக் காத்திருந்து பார்ப்பது. வெளிவந்த தட்டானைப் படமெடுத்துவிட்டுப் பறக்கவிடலாம். நாணலிலோ குச்சியிலோ அது விட்டுச்செல்லும் சட்டை, பாம்புச்சட்டை போலவே, உடலின் முழு வார்ப்பு. இரையைப் பற்றும் நீண்ட கீழுதடு, அதன் விளிம்பில் உள்ள மயிர்களின் எண்ணிக்கை, வயிற்றின் முட்கள் என இனங்காணத் தேவையானவை பெரும்பாலும் அதில் அப்படியே இருக்கும். நிறம் மங்கும் என்ற கவலையும் இல்லை. அந்தச் சட்டையை அசையாமல் நிறுத்தி, குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த நாற்பது ஐம்பது படங்களைக் கணினியில் ஒன்றாக அடுக்கினால், குவிய ஆழத்தின் பழைய வறுமையும் நீங்கிவிடுகிறது. கொல்லாமல் கிடைக்கும் மாதிரி அது. அண்மை வில்லைக்கு அதைவிடப் பொறுமையான பொருள் வேறில்லை. நாட்டின் குளக்கரைகளில் அது ஆண்டுதோறும் பெரும்பாலும் எடுப்பாரின்றி மழையில் கரைகிறது.